வடக்கு என்றால் இல்லை

முதலாளி தன் அறைக்கு வருகிறவர்களை உட்காரச் சொல்லும் வழக்கம் இல்லாதவர். நாற்காலிகள் இருந்தன, நல்ல நாற்காலிகள். ஆனால் அவை விருந்தாளிகளுக்கு. வேலைக்கு வந்தவர்கள் நின்றால் போதும் என்பது அவர் கொள்கை.

துப்பறிவாளர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எதற்கும் அவசரப்படாதவர் என்பதால் எல்லோரும் அவரை நிதானம் என்றே கூப்பிட்டார்கள். பின்னாலேயே வந்த மைத்துனன், அதாவது மனைவியின் தம்பி, அவருக்கு உதவியாளன். மூளையை எப்போதாவது, வாயை எப்போதும் வேலை வாங்குகிறவன். அவன் இன்னொரு நாற்காலியில் அமர்ந்து ஒருமுறை அமுங்கி எழுந்தான்.

"மாமா, மெத்தை நல்லா இருக்கு. இதுக்காகவே கேஸை ரெண்டு நாள் இழுக்கலாம்."

முதலாளி அவனைப் பார்க்கவில்லை. பார்க்கத் தகுந்தவன் என்று நினைத்தால்தானே.

"யாரு பண்ணினதுன்னு கண்டுபிடிக்க நான் உங்களைக் கூப்பிடலை," என்றார் நிதானத்திடம். "யாருன்னு எனக்குத் தெரியும். அவ வாயாலேயே ஒத்துக்க வைக்கணும். அவ்வளவுதான் உங்க வேலை."

"வாயைத் திறக்க வைக்கணும்னா பல் டாக்டரைக் கூப்பிட்டிருக்கலாமே," என்றான் மைத்துனன்.

"நடந்ததைச் சொல்லுங்க," என்றார் நிதானம்.

முதலாளியின் நிறுவனம் முதியோர் இல்லங்களுக்கான அழைப்பு மணி மென்பொருளைச் செய்கிறது. ஒவ்வொருவர் கழுத்திலும் ஒரு பொத்தான் தொங்கும். அமுக்கினால் செவிலியர் அறையில் மணி அடிக்கும், எந்தப் பிரிவு என்று திரையில் வரும். போன வாரம் ஓர் இல்லத்தின் வடக்குப் பிரிவில், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் குளியலறை வாசலில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். கிடந்த இடத்திலிருந்து பொத்தானை அமுக்கிக்கொண்டே இருந்ததாக அவர் சொல்கிறார். மணி அடிக்கவே இல்லை. கருவியைத் திறந்து பார்த்தவர்கள் பொத்தானில் ஒரு குறையும் இல்லை என்றார்கள். அப்படியானால் கிழவருக்குத்தான் மறதி, அமுக்காமலே அமுக்கியதாக நினைக்கிறார் என்று இல்லத்தில் முடிவு கட்டிவிட்டார்கள். அவர் மகனும் அதை நம்பி, அப்பாவை மறதி நோயாளிகளின் பூட்டிய வார்டுக்கு மாற்றக் கையெழுத்துப் போடப் போகிறான்.

"ஆனா அங்க அதுக்கு அப்புறம் சோதிச்சுப் பார்த்தோம். வடக்குல எந்தப் பொத்தானும் வேலை செய்யலை. இல்லத்துல அதைச் சொல்லலை, பராமரிப்பு வேலைன்னு சொல்லி நர்ஸுங்களை நடந்து பார்த்துக்கச் சொல்லியிருக்கோம். இது அந்தக் கமா பண்ணின வேலை," என்றார் முதலாளி.

"கமாவா?"

"எங்ககிட்ட வேலை பார்க்கற பொண்ணு. புது மென்பொருளுக்கு செட்டிங்ஸ் ஃபைல் எந்த ஃபார்மட்டுல இருக்கணும்னு மீட்டிங் போட்டோம். அவ சொன்னதை நான் ஏத்துக்கலை. அந்தக் கடுப்புல உள்ளே ஏதோ வெச்சுட்டா. என் முடிவு தப்புன்னு காட்டணுமாம்." மேசைமேல் ஒரு தட்டச்சுத் தாளைத் தட்டினார். "போலீஸ் புகார். சாயங்காலத்துக்குள்ள ஒத்துக்கிட்டா வேலையோட போகும். இல்லேன்னா இது ஸ்டேஷனுக்குப் போகும்."

"உங்க இரக்கத்துக்கு எல்லையே இல்லை," என்றான் மைத்துனன்.

"அந்த ஃபைலை யாரெல்லாம் திறக்க முடியும்?" என்று கேட்டார் நிதானம்.

"மூணு பேர். அவ, எங்க சீஃப், நான். ஆனா நான் அதுல ஒரு எழுத்தைக்கூட மாத்தினதில்லை. எழுதி வேணும்னாலும் தரேன்."

"கொடுங்க."

முதலாளி இதை எதிர்பார்க்கவில்லை. சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, 'ஒரு எழுத்தையும் மாற்றவில்லை' என்று பச்சை மையில் எழுதி, பக்கத்தின் பாதியை அடைக்கும் அளவுக்குக் கையெழுத்துப் போட்டுத் தாளைத் தள்ளினார். பொய் சொல்கிற முகம் இல்லை அது. பொய் சொல்கிறவனுக்காவது எதிரே இருப்பவன் என்ன நினைப்பானோ என்ற கவலை இருக்கும். முதலாளிக்கு அந்தக் கவலையும் இல்லை.

சீஃப் என்ற தலைமை நிரலாளருக்கு அலுவலகத்தில் ஆமாம் சார் என்று பெயர். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் மூன்று திரைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். வந்தவர்களைப் பார்த்ததும் எழுந்தார், கேள்வி வருவதற்கு முன்பே தலையை ஆட்டினார்.

"செட்டிங்ஸ் ஃபைல்னா என்னன்னு எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க," என்றார் நிதானம்.

"ஆமாம் சார். எல்லாத்தையும் புரோகிராமுக்குள்ளேயே எழுதிட முடியாது. எந்தப் பிரிவுக்கு மணி அடிக்கணும், எவ்வளவு சத்தமா அடிக்கணும், இதெல்லாம் இடத்துக்கு இடம் மாறும். அதைத் தனியா ஒரு ஃபைல்ல எழுதி வைப்போம். புரோகிராம் அதைப் படிச்சுட்டு வேலை செய்யும். அதை எழுத ஒரு முறை வேணுமில்லையா, அதுதான் ஃபார்மட்."

"அதுக்கா இவ்வளவு சண்டை?"

"சண்டை இல்லை சார். அந்தப் பொண்ணு ஜேசன் வேணும்னா."

"அவன் யாரு, பொண்ணு பார்க்க வந்தவனா?" என்றான் மைத்துனன்.

"அது ஃபார்மட் பேரு. அதுல பேருன்னு எழுதினா ரெண்டு பக்கமும் மேற்கோள் குறி கட்டாயம் போடணும். அடைப்புக்குறி வேற, கமா வேற. ஒண்ணு கூடினாலும் குறைஞ்சாலும் திறக்கவே திறக்காது. முதலாளி பார்த்துட்டு, என்ன இது எறும்பு ஊர்ற மாதிரின்னாரு. அன்னிக்குத்தான் அவளுக்குக் கமான்னு பேரு வெச்சாரு. எல்லாரும் சிரிச்சோம்."

"அவளும் சிரிச்சாளா?"

ஆமாம் சார் சற்று யோசித்தார். அந்தப் பக்கம் அன்று அவர் பார்க்கவே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"நீங்க எதைச் சொன்னீங்க?"

"யாமல்."

"யாமலா?" மைத்துனன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "தெரியாமல், புரியாமல், அறியாமல். அந்தக் குடும்பத்து ஆளா?"

"அதுல குறி கிறி எதுவும் வேணாம் சார். வெறும் வார்த்தை. சாதாரண மனுஷன்கூடப் படிக்கலாம். முதலாளிக்குப் பிடிச்சது."

"உங்களுக்குப் பிடிச்சதால அவருக்குப் பிடிச்சுதா, அவருக்குப் பிடிச்சதால உங்களுக்குப் பிடிச்சுதா?"

"ஆமாம்," என்றார் ஆமாம் சார்.

மைத்துனன் கூரையைப் பார்த்தான். ஒரு மனிதன் தன் முதுகெலும்பைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வேலைக்கு உட்கார்ந்திருக்கும் காட்சி அவன் பேச்சையே நிறுத்திவிட்டது.

ஆமாம் சார் ஒரு தாளை அச்செடுத்துக் கொடுத்தார். மணி அடிக்க வேண்டிய பிரிவுகள் என்ற வரிக்குக் கீழே, திசைகளின் ஆங்கிலப் பெயரில் முதல் இரண்டு எழுத்துகள் மட்டும். தெற்குக்கு எஸ், ஓ. வடக்குக்கு என், ஓ. பிறகு கிழக்கு, மேற்கு.

"பாருங்க, வடக்கு இருக்கு. ஆனா அடிக்கலை. அப்போ ஃபைல்ல தப்பில்லை. புரோகிராமுக்குள்ள எதையோ ஒளிச்சு வெச்சிருக்கா. தேடிட்டிருக்கேன்."

"கிடைச்சுதா?"

"இன்னும் இல்லை."

"இந்தத் தாளை அவகிட்டக் காட்டினீங்களா?"

"முதலாளி அவளை உள்ளே விடக் கூடாதுன்னுட்டாரு."

"அதனால கேட்கலை."

"ஆமாம்."

"ஃபைலைக் கடைசியா யாரோ மாத்தினது எப்போ?"

"அவர் விழறதுக்கு முன்னாடி, புது மென்பொருளை இல்லத்துல விருந்தாளிங்களுக்குத் திரை போட்டுக் காட்டினோம். அதுக்கு முந்தின சாயங்காலம். அன்னிக்கு நாங்க மூணு பேருமே அங்கதான் இருந்தோம். யாரு மாத்தினாங்கன்னு அந்த மெஷின் சொல்லாது."

வெளியே வந்ததும் நிதானம் காபி எடுக்கப் போனார். காபி இயந்திரம் இருந்த சின்ன அறையில், தொட்டிக்கு மேலே ஒரு தாள் ஒட்டியிருந்தது. கோப்பையைக் கழுவி வைக்கும் 'நல்ல' உள்ளங்களுக்கு நன்றி. எழுதியவர் நல்ல என்ற சொல்லை அழுத்திச் சொல்ல நினைத்து அதற்கு இரண்டு பக்கமும் குறி போட்டிருந்தார். யாரோ அந்தக் குறிகளை மட்டும் பச்சை மையில் கிறுக்கி அடித்திருந்தார்கள். சொல்லைத் தொடவில்லை.

"உள்ளத்தை விட்டுட்டு நகத்தை மட்டும் வெட்டியிருக்காங்க," என்றான் மைத்துனன்.

நிதானம் அந்தத் தாளின் முன்னால் காபி நிரம்பும் வரை நின்றார். பிறகு ஒரு கோப்பையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார்.

கமா என்று பெயர் வைக்கப்பட்ட பெண் வரவேற்பறையில், சுவரோரம் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அடையாள அட்டையைப் பறித்திருந்தார்கள். அவளைத் தாண்டிப் போனவர்கள் எல்லோரும் அந்த நேரம் பார்த்துத் தங்கள் செல்போனை ஆராய்ந்தார்கள். நேற்று வரை அவளோடு சாப்பாட்டைப் பகிர்ந்துகொண்டவர்கள்தான். கோழைத்தனத்துக்கு செல்போன் நல்ல மறைப்பு.

நிதானம் கோப்பையை அவள் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சர்க்கரை போட்டிருக்கேன்மா. வேணாம்னா இவன் குடிச்சுடுவான்."

அவள் குடிக்கவில்லை. "சார், ஒண்ணு கேட்கணும். நான்தான் பண்ணினேன்னு ஒத்துக்கிட்டா, அந்த டிரைவர் ஐயா பொத்தானை அமுக்கினது உண்மைன்னு ஆயிடுமில்லையா? அவரை அந்த வார்டுல போட மாட்டாங்க இல்லையா?"

மைத்துனன் காபிக் கோப்பையிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தான்.

"ஜெயிலுக்குப் போகவும் தயாரா?" என்று கேட்டார் நிதானம்.

"அங்க வேலை பண்ணும்போது பார்த்தேன் சார். பேப்பர்ல குறுக்கெழுத்து போடறவரு. நான் கம்பி இழுத்துட்டிருந்தா ஸ்டூலைப் பிடிச்சுப்பாரு. அவருக்கு மறதி இல்லை."

"நீ பண்ணினியா?"

"இல்லை சார்."

"அப்போ பொய் சொல்லி நல்லது பண்ண வேணாம். கடவுள் அந்த அளவுக்குக் கையாலாகாதவர் இல்லை. முதல்ல காபியைக் குடி. குடிச்சுக்கிட்டே இதைப் பாரு."

அவள் தாளை வாங்கினாள். கோப்பை உதட்டுக்குப் போகும் வழியில் நின்றது.

"குறி எங்கே?"

"எந்தக் குறி?"

"வடக்குக்கு மட்டும் ரெண்டு பக்கமும் மேற்கோள் குறி போட்டிருந்தேன். யாமல்ல என், ஓன்னு வெறுமனே எழுதினா அதைப் பேருன்னு எடுத்துக்காது சார். நோன்னு படிக்கும். இல்லைன்னு அர்த்தம் பண்ணிக்கும். குறி போட்டாத்தான் இது பேருன்னு புரியும்." விரலால் வரிசையைத் தொட்டாள். "இப்போ அது படிக்கறது தெற்கு, இல்லை, கிழக்கு, மேற்கு. வடக்குன்னு ஒரு பிரிவு இருக்கறதே அதுக்குத் தெரியாது. பொத்தானை அமுக்கினா, யாருக்கோன்னு விட்டுடும்."

"பள்ளிக்கூடத்துல ஒருத்தனுக்கு இல்லைன்னு பேரு வெச்சா, வருகைப் பதிவுல எப்படி வருவான்?" என்றான் மைத்துனன்.

"இதுக்காகத்தான் ஜேசன் கேட்டேன். அதுல எல்லாப் பேருக்கும் குறி உண்டு. எது ஆபத்தான பேருன்னு யாரும் ஞாபகம் வெச்சுக்க வேணாம்."

"யாமல்ல ஒரு எச்சரிக்கை எழுதி வெச்சிருக்கலாமே?" என்று கேட்டார் நிதானம்.

"வெச்சிருந்தேன் சார். மேலேயே, இந்தக் குறியை எடுக்கக் கூடாதுன்னு. விருந்தாளிங்களுக்குக் காட்டறப்போ ஃபைல் சுத்தமா இருக்கணும்னு முதலாளி சொன்னாருன்னு, சீஃப் எல்லாக் குறிப்பையும் மொத்தமா எடுத்துட்டாரு. படிச்சாரான்னு தெரியலை."

மைத்துனன் துள்ளி எழுந்தான். "முடிஞ்சது மாமா. குறிப்பை எடுத்த கைதான் குறியையும் எடுத்திருக்கு. ஆமாம் சாரைப் பிடிச்சா ஆமாம்பாரு. இவ்வளவு சுலபமா எந்தக் கேஸ்லயும் வாக்குமூலம் கிடைக்காது."

"அவருக்கு யாராவது சொன்னாத்தான் தும்மலே வரும் மாப்ள," என்றார் நிதானம். "குறிப்பை எடுன்னு சொன்னாங்க, எடுத்தாரு. குறியை எடுன்னு சொல்லியிருந்தா, முதலாளி சொன்னாருன்னு நம்மகிட்ட பெருமையாச் சொல்லியிருப்பாரு. அவர் எதை எடுத்தாலும் உத்தரவோடதான் எடுக்கறவரு."

"அப்போ?"

"மேல போலாம். நீயும் வாம்மா."

வரவேற்பறைக் கணினியில் நிதானம் ஒரு விரலால் தட்டித் தட்டி அறிக்கை ஒன்றை எழுதினார். எழுதி முடிக்க வெகுநேரம் ஆனது. அச்செடுத்த தாளை மடிக்காமல் கொண்டுபோய் முதலாளியின் மேசைமேல் வைத்தார். ஆமாம் சாரும் அழைக்கப்பட்டிருந்தார். பெண் கதவோரம் நின்றாள்.

"ஒத்துக்கிட்டாளா?" என்றார் முதலாளி.

"எல்லாம் அதுல இருக்கு. படிச்சுப் பாருங்க."

முதலாளி தாளை எடுத்தார். முதல் வரியிலேயே முகம் சுளித்தார். கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. பச்சைப் பேனா இரண்டு முறை கீச்சிட்டது.

"என்ன எழுத்து இது? மதிப்பிற்குரிய 'முதலாளி' அவர்களுக்குன்னு கொக்கி போட்டா என்ன அர்த்தம்? பேருக்குத்தான் முதலாளின்னு நக்கலா?"

"கொக்கியை மட்டும் அடிச்சீங்க. எழுத்தைத் தொடலை," என்றார் நிதானம்.

"எழுத்துல தப்பில்லையே."

"அந்த ஃபைல்லயும் இப்படித்தானா?"

முதலாளி சாதாரணமாகத்தான் இருந்தார். கேள்வியின் கனம் அவருக்கு இன்னும் எட்டவில்லை.

"அதுவா? நாலு பேருல ஒண்ணுக்கு மட்டும் கொக்கி. அதுவும் வடக்குக்கு. எங்க அப்பா நினைவா நான் கட்டிக்கொடுத்த பிரிவு அது. மீட்டிங்ல தோத்ததுக்கு என்னைக் குத்திக் காட்டறா. மறுநாள் அத்தனை விருந்தாளி முன்னாடி திரையில வரப்போகுது. எடுத்துட்டேன். ரெண்டு புள்ளி, ரெண்டு கீறல். அதுல என்ன இருக்கு?"

"அந்த மணி அதுலதான் தொங்கிட்டிருந்தது," என்றார் நிதானம்.

பிறகு சுருக்கமாகச் சொன்னார். வடக்கு இல்லை என்று ஆன கதையை. முதலாளி கேட்டார். தான் மற்றவர்களைப் பார்க்கும் கண்ணால்தான் மற்றவர்களும் தன்னைப் பார்ப்பார்கள் என்று நினைக்கிற மனிதருக்கு, ஒரு மேற்கோள் குறியில்கூடக் கேலிதான் தெரியும். அக்கறையும் அதே வடிவத்தில் வரலாம் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. பாவம் என்று சொல்லலாம், இடுப்பு முறிந்தது அவருடையதாக இருந்திருந்தால்.

சிறிது நேரத்தில் முதலாளி தேறிவிட்டார். இப்படிப்பட்டவர்கள் சீக்கிரம் தேறுவார்கள்.

"அப்படின்னா தப்பு ஃபார்மட் மேல. ரெண்டு கீறலுக்கு விழற ஃபார்மட்டெல்லாம் ஒரு ஃபார்மட்டா? சீஃப், யாமல் வேணும்னு முடிவு பண்ணினது நீதானே?"

ஆமாம் சாரின் தலை பழக்கத்தில் ஒருமுறை ஆடியது. வாய் திறந்தது. கதவோரம் நின்ற பெண்ணைப் பார்த்தார். அநேகமாக முதல்முறையாக.

"இல்லை சார்," என்றார். "நீங்க. எறும்பு ஊருதுன்னு சொன்னீங்க, நான் மாத்திக்கிட்டேன். ஆனா அவ எழுதின எச்சரிக்கையைப் படிக்காம எடுத்தது நான்தான். அது என் தப்பு. புது வெர்ஷனை ஜேசன்ல பண்ணிடறேன், இன்னிக்கே ஆரம்பிக்கறேன்."

"அதுக்கு முன்னாடி அந்த ரெண்டு குறியைத் திருப்பிப் போடுங்க சார்," என்றாள் அவள். "மத்தது மெதுவா நடக்கட்டும். வடக்குல இப்பவும் ஆளுங்க இருக்காங்க. நர்ஸ் எல்லாம் நடந்து நடந்து பார்த்துட்டிருக்காங்க."

ஆமாம் சார் ஓடினார். அந்த நடை அவருக்குப் புதிதாக இருந்தது, தடுக்கி விழப்பார்த்தார்.

முதலாளி புகார்த் தாளை எடுத்து நான்காகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார். "சரி. அட்டையை வாங்கிக்கிட்டுப் போய் வேலையைப் பாரு," என்றார் பெண்ணிடம், ஏதோ தானம் செய்கிற தோரணையில்.

அவள் போகவில்லை. மேசை அருகே வந்து, தன் போனில் ஓர் எண்ணை அழுத்தி, ஒலிபெருக்கியைப் போட்டு முதலாளி முன்னால் வைத்தாள்.

"என்ன இது?"

"டிரைவர் ஐயா ஆஸ்பத்திரியில இருக்காரு. அவர் பையன் இன்னிக்குத்தான் கையெழுத்துப் போடறாரு. நீங்க சொன்னாத்தான் நம்புவாங்க சார். நான் சொன்னா, தப்பிக்கறதுக்காகச் சொல்றேன்னு நினைப்பாங்க."

"நான் எதுக்குப் பேசணும்? லெட்டர் அனுப்பச் சொல்றேன்."

"லெட்டர் மெதுவாத்தான் போகும். பேனா வேகமாப் போச்சு," என்றான் மைத்துனன்.

எதிர்முனையில் ஒருவர் இருமினார். "யாரு?"

முதலாளி போனைப் பார்த்தார். நிதானத்தைப் பார்த்தார். உதவி எங்கிருந்தும் வரவில்லை. கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டு, "அந்த மணி மென்பொருள் கம்பெனியிலேருந்து பேசறோம். நீங்க பொத்தானை அமுக்கினது உண்மைதான். எங்க பக்கத்துல ஒரு சின்னத் தவறு நடந்திருக்கு," என்றார்.

"அமுக்கினேன்னு எனக்குத் தெரியும்யா. காலமெல்லாம் ஹாரன் அமுக்கின கை. எங்க பக்கம்னா யாரு? பேரில்லாதவனா?"

முதலாளி பச்சைப் பேனாவை எடுத்து, திரும்பவும் சட்டைப்பையில் செருகினார். அந்தப் பெண் தலை குனிந்து நின்றாள். அவர் தடுமாறுவதைப் பார்க்க அவளுக்கு விருப்பம் இல்லை. அவளுடைய அந்தச் சின்ன மரியாதைதான், நிதானத்தின் அறிக்கையைவிட அதிகமாக, அவரை என்னவோ செய்தது.

"நான்," என்றார் முதலாளி. "நான்தான் கம்பெனி முதலாளி. நான்தான் அந்த ஃபைல்ல கை வெச்சேன்."

மறுமுனையில் டிரைவரின் குரல் சற்றுத் தள்ளிக் கேட்டது, யாரையோ அதட்டுவதுபோல.

"பேனாவைக் கீழ வைடா. இந்தா, இவர் பேசறதைக் கேளு." மீண்டும் பக்கத்தில் வந்தது. "சார், எங்கிட்ட சொல்லி என்ன புண்ணியம்? எனக்குத் தெரிஞ்சதுதானே. என் பையன்கிட்ட முதல்லேருந்து சொல்லுங்க."

போன் கை மாறும் ஓசை கேட்டது. "ஹலோ," என்றது இளைய குரல், நம்பிக்கையே இல்லாமல்.

முதலாளி நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். இந்த முறை கம்பெனி என்ற சொல்லை எடுக்கவில்லை.

"தம்பி, நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்," என்று ஆரம்பித்தார்.